வழக்கில்லாத தேசம்

கோர்ட்டும் வழக்கும் இல்லாத ஒரு தேசத்தைப் பற்றி ரோமாபுரியில் ஒரு பெரியவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தேசத்தில் அடிமை என்று ஒருவனும் கிடையாதாம். பொழுது விடிந்த பிறகு யாரும் தூங்குவதில்லை. பகல் தூக்கமும் இல்லை. வீடுகளை அளவான உயரத்துக்கு மேல் கட்டுவதில்லை. தானியத்தின் விலை ஏறுவதே இல்லை. அரசனை ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வயதானவனாக, இரக்கமுள்ளவனாக, முக்கியமாகப் பிள்ளை இல்லாதவனாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டத்துக்கு வந்த பிறகு பிள்ளை பிறந்துவிட்டால், ராஜ்யம் குடும்பச் சொத்தாகிவிடும் என்று பயந்து அவனை இறக்கிவிடுகிறார்கள். மரண தண்டனையை அரசன் தன் இஷ்டத்துக்கு விதிக்க முடியாது. முப்பது பேர் கூடிப் பெரும்பான்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கு மேலும் குற்றவாளி ஜனங்களிடம் அப்பீல் செய்து கொள்ளலாம். நூறு வயது வாழ்வது அங்கே சாதாரணம்.

வழக்கே இல்லாத தேசத்தில் அப்பீல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பெரியவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அவர் பெயர் பிளினி. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது கப்பலில் அதை நோக்கிப் போய், கரையிலேயே உயிர் விட்டாரே, அவர்தான். முப்பத்தேழு பாகங்கள் கொண்ட அவருடைய இயற்கை நூலில் ஆறாவது பாகத்தில் இந்தச் சேதி வருகிறது. தேசத்தின் பெயரைத் தப்ரபேன் என்கிறார்.

இந்தப் பெயரில்தான் வேடிக்கை இருக்கிறது. தப்ரபேன் என்பது கிரேக்கர் வாயில் உருமாறிய தாம்பபண்ணி. பாலியில் தாம்பபண்ணி, வடமொழியில் தாம்ரபர்ணி, நமக்குத் தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று நடந்து புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற ஆற்றுக்கும், அந்தக் கடலுக்கு அப்பால் கிடக்கிற இலங்கைத் தீவுக்கும் பண்டைக் காலத்தில் ஒரே பெயர். ஆறு தீவுக்குப் பெயர் கொடுத்ததா, தீவு ஆற்றுக்குக் கொடுத்ததா என்று பண்டிதர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அசோகனுடைய இரண்டாவது பாறைச் சாசனத்திலும் பதின்மூன்றாவதிலும் சோழர் பாண்டியர் பெயர்களோடு இந்தப் பெயரும் வருகிறது. தீவைச் சொல்கிறது என்பவர்கள் அதிகம், ஆற்றைச் சொல்கிறது என்பவர்களும் உண்டு. அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது இந்தப் பெயரில் ஒரு வகையையே தனியாகச் சொல்கிறது.

மகாவம்சம் சொல்வது வேறு கதை. கப்பலை விட்டு இறங்கிய விஜயனின் ஆட்கள் களைப்பில் தரையில் கையூன்றி உட்கார்ந்தார்களாம். செம்மண் பட்டுக் கைகள் தாமிரமாகச் சிவந்தனவாம். அதனால் அந்தப் பெயராம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். ஆனால் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் ஒரு நாழிகை உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை.

எப்படியானால் என்ன? வரப்புக்கும் வாய்க்கால் மடைக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்காடத் தெரிந்த சீமையின் ஆற்றுப் பெயரை, வழக்கில்லாத தேசத்துக்கு வைத்து ஒருவர் ரோமாபுரியில் எழுதிக்கொண்டிருந்தார். திருநெல்வேலியில் யாரிடமாவது இதைச் சொன்னால், "அங்கே வக்கீல்மாரு பாடு திண்டாட்டந்தான்" என்று சிரிப்பார்கள்.

பிளினிக்கு இந்தச் சேதி எப்படிக் கிடைத்தது? கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலம். செங்கடல் பக்கத்து வரி வசூலை அன்னியஸ் பிளோகாமஸ் என்பவர் குத்தகை எடுத்திருந்தார். அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன் அரேபியாவை ஒட்டிக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காற்று அடித்துக்கொண்டு போய், பதினைந்தாம் நாள் தப்ரபேன் துறைமுகம் ஒன்றில் சேர்ந்தான். அரசன் அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்தான். அவனும் பாஷையைக் கற்றுக்கொண்டு ரோமாபுரியைப் பற்றிச் சொன்னான். அரசனுக்கு எல்லாவற்றையும்விட ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு ராஜாக்களின் தலை இருந்தது; ஆனால் எல்லாக் காசும் ஒரே எடை. இவர்கள் யோக்கியர்கள் என்று முடிவு செய்து, நான்கு தூதர்களை ரோமாபுரிக்கு அனுப்பினான்.

கதை முழுவதும் கட்டுக்கதை அல்ல. எகிப்தின் கீழைப் பாலைவனத்தில், நீல நதியிலிருந்து செங்கடல் துறைமுகத்துக்குப் போகும் பாதையில், இதே பிளோகாமஸின் அடிமை ஒருவன் தன் பெயரைப் பாறையில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வருஷம் கி.பி. 6. ஆகவே குத்தகைக்காரரும் நிஜம். அவருடைய ஆட்கள் அந்தப் பக்கம் நடமாடியதும் நிஜம். காசை நிறுத்துப் பார்த்த அரசனும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தானாகவே நல்லவர்களாகப் பிறந்த ஜாதி எதுவும் காசை நிறுத்துப் பார்க்காது. நாலு முறை ஏமாந்த வியாபாரிகளின் ராஜாதான் நிறுத்துப் பார்ப்பான்.

தூதர்கள் சொன்னதாகப் பிளினி எழுதியிருப்பதில் சில இடங்கள் நம்மையே சிரிக்க வைக்கின்றன. ரோமாபுரிக்கு வந்த பிறகுதான் அவர்கள் முதன்முதலாகச் சப்தரிஷி மண்டலத்தைக் கண்டு பிரமித்தார்களாம். இலங்கையில் எந்தக் கடற்கரையில் நின்றாலும் சப்தரிஷி மண்டலம் தெரியும். தூதர்கள் சொன்னது ஒன்று, துபாஷி சொன்னது ஒன்று, பிளினி கேட்க விரும்பியது ஒன்று என்று மூன்றும் கலந்துவிட்டன.

அவர் என்ன கேட்க விரும்பினார் என்பது கொஞ்சம் யோசித்தால் விளங்கும். தானிய விலை ஏறாத தேசம் என்கிறாரே, ரோமாபுரியில் அந்த நாளில் தானியம் பெரும்பாலும் எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதித்தால் பட்டினி. ஒரு பஞ்ச காலத்தில் கிளாடியஸ் சக்கரவர்த்தியைச் சந்தைவெளியில் ஜனங்கள் சூழ்ந்துகொண்டு, வைது, காய்ந்த ரொட்டித் துண்டுகளால் அடித்தார்கள். பின்வாசல் வழியாகத்தான் அவர் அரண்மனைக்குத் தப்பினார். பிள்ளையில்லாத ராஜா என்கிறாரே, கிளாடியஸுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தவன் அவருடைய மனைவி கூட்டிவந்த பிள்ளை நீரோ. உயரமில்லாத வீடுகள் என்கிறாரே, ரோமாபுரியில் வாடகைக்காக அடுக்கடுக்காகக் கட்டிய வீடுகள் இடிந்து விழுவதும் எரிவதும் நித்தியப்படி நடக்கிற காரியம். தப்ரபேனில் என்னென்ன இல்லையோ அதெல்லாம் ரோமாபுரியில் இருந்தது. தலைகீழாகப் பிடித்த ஜாபிதா அது. அவ்வளவையும் எழுதிவிட்டு, உலகத்துக்கு அப்பால் ஒதுங்கிக் கிடக்கும் அந்தத் தீவும்கூட நம்முடைய துர்க்குணங்களுக்கு விலக்கல்ல, அங்கேயும் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மதிப்பு உண்டு என்று ஒரு வரி சேர்க்கிறார். அந்த ஒரு வரிக்காகப் பிளினியிடம் எனக்கு மரியாதை.

அவருக்கு முன்னாலேயே தென் கடலில் நல்லவர்களைக் குடியேற்றிய கிரேக்கன் ஒருவன் உண்டு. பெயர் இயாம்புலஸ். அவன் எழுதிய நூல் அழிந்துபோய்விட்டது. சிசிலித் தீவுக்காரரான டயோடோரஸ் சுருக்கி எழுதி வைத்தது மட்டும் கிடைக்கிறது. வாசனைத் திரவியம் வாங்க அரேபியாவுக்குப் போனவன், எத்தியோப்பியர் கையில் அகப்பட்டு, ஆறு மாதச் சாப்பாட்டோடு ஒரு படகில் ஏற்றித் தெற்கே தள்ளிவிடப்பட்டு, நான்கு மாதம் கழித்து ஒரு வட்டமான தீவில் ஒதுங்கினானாம். அதுவும் இலங்கைதான் என்று பின்னால் பலர் கட்சி கட்டினார்கள். அந்த ஜனங்கள் நான்கு முழத்துக்கு மேல் உயரம், அழகர்கள், எலும்பு நரம்பைப் போல வளையும், நாக்கு அடிவரை பிளந்திருப்பதால் ஒரே சமயத்தில் இருவரோடு பேசுவார்கள். நூற்றைம்பது வயது வாழ்வார்கள். என்னுடையது உன்னுடையது என்பது இல்லை. குழந்தைகள் பொதுச் சொத்து. தாய்மாருக்கே தன் குழந்தை எது என்று தெரியாதபடி மாற்றி மாற்றி வளர்ப்பார்கள். ஆகவே பொறாமை இல்லை, சண்டை இல்லை. ஆளுக்கு ஆள் முறை வைத்துக்கொண்டு மீன் பிடிப்பார்கள், தொழில் செய்வார்கள், ஒருவருக்கொருவர் பணிவிடை செய்வார்கள்.

படிக்கும்போதே மனம் குளிர்கிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தீவில் பெரிய பறவைகள் உண்டு. குழந்தைகளை அந்தப் பறவைகளின் முதுகில் ஏற்றி ஆகாயத்தில் பறக்கவிடுவார்கள். பயப்படாமல், தலைசுற்றாமல் வருகிற குழந்தையை வளர்ப்பார்கள். அழுகிற குழந்தையை, வாந்தி எடுக்கிற குழந்தையை எறிந்துவிடுவார்கள். உடம்பில் ஊனம் வந்தவர்கள் தாங்களே செத்துவிட வேண்டும் என்பது கண்டிப்பான சட்டம். குறித்த வயதைத் தாண்டியவர்களும் ஒரு செடியின் மேல் படுத்துத் தூங்கியபடியே உயிரை விட்டுவிட வேண்டும்.

மற்ற அற்புதங்களோடு அற்புதமாக இதையும் டயோடோரஸ் வரிசையில் வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். எனக்குப் போக முடியவில்லை. பயந்து அழுத குழந்தைகளை முதலிலேயே கழித்துவிட்டால் மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாரும் தைரியசாலிகள்தான். நோயாளியும் கிழவனும் இல்லாத ஊரில் யாருக்கும் யார் மேலும் சலிப்பு வராது. அந்தத் தீவின் நல்லதனத்துக்கு அடியில் கிடப்பது அந்தக் குழந்தைகள்.

இயாம்புலஸ் அங்கே ஏழு வருஷம் இருந்தான். பிறகு, இவனுக்குக் கெட்ட பழக்கங்கள் இருக்கின்றன என்று சொல்லி அவனையும் கூட வந்தவனையும் ஊரை விட்டே துரத்திவிட்டார்கள். கூட வந்தவன் கரையேறும்போது கடலில் போய்விட்டான். இவன் மட்டும் கரையேறிப் பாடலிபுரத்து ராஜாவின் தயவில் ஊர் திரும்பினான். நல்லவர்கள் நடுவில் ஒரு சாதாரண மனிதன் இருந்தால் அவன் கதி என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. லூசியன் என்ற பரிகாசக்காரர் இயாம்புலஸின் கதையைப் பொய் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் படிக்கச் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார். எனக்கு அது அவ்வளவு சுவாரஸ்யமாக இல்லை.

பொய் என்று தெரிந்த பிறகும் தப்ரபேன் ஆயிரத்தைந்நூறு வருஷம் நல்லவர்களுக்கு விலாசமாகவே இருந்தது. தாமஸ் மோர் 1516-ல் வெளியிட்ட யுடோப்பியாவில் கதை சொல்லும் மாலுமி தப்ரபேனுக்கு வந்து, அங்கிருந்து கோழிக்கோட்டுக்குப் போய், போர்த்துக்கீசியக் கப்பலில்தான் ஊர் திரும்புகிறான். கம்பனெல்லா என்ற இத்தாலியத் துறவி இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய சூரிய நகரமே தப்ரபேனில்தான் இருக்கிறது. ஏழு மதில்கள், மதில் முழுவதும் சித்திரமாகத் தீட்டிய சகல சாஸ்திரங்கள், எல்லாருக்கும் எல்லாம் பொது. யார் யாரோடு சேர்ந்து பிள்ளை பெற வேண்டும் என்பதை மட்டும் அதிகாரிகள் ஜோசியம் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

கம்பனெல்லா அதை எழுதியது 1602-ல், நேப்பிள்ஸ் சிறையில். ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகச் சதி செய்தார் என்று 1599-ல் பிடித்துச் சித்திரவதை செய்து அடைத்தவர்கள் சுமார் இருபத்தேழு வருஷம் வெளியே விடவில்லை. அந்த இருட்டில் இருந்தவர் வெளிச்சமான ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டதற்கு அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. அவர் எழுதுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1600-ல், நம்முடைய முத்துக்குளித்துறையில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் காலமானார். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கரையில் வாழ்ந்தவர். தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சடித்தவர். தாமிரபரணி கடலில் விழுகிற புன்னைக்காயலில் அவர் பல காலம் இருந்தார். தப்ரபேன் பெயருள்ள ஆற்றின் வாயில் ஓர் ஐரோப்பியர் பரதவர்களோடு பேசிப் பழகி, வைது, வையப்பட்டு, அவர்களுடைய நோய்க்கும் பசிக்கும் நடுவில் ஆயுளைக் கழித்துக்கொண்டிருந்தார். தப்ரபேனையே பார்க்காத இன்னொருவர் அங்கே குற்றமற்றவர்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் பேர் பெற்றது இரண்டாமவருடைய புத்தகம்.

பிளினியின் காலத்துக்கே திரும்பிப் போனாலும் இதே கதைதான். ஏறக்குறைய அந்த நாளில் எகிப்திலிருந்து வந்துபோன கிரேக்க வியாபாரி ஒருவன் துறைமுகங்களைப் பற்றி ஒரு கைப்புத்தகம் எழுதினான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. புத்தகத்தைப் பெரிப்ளூஸ் என்கிறார்கள். எந்தத் துறையில் என்ன விற்கும், எங்கே பாறை, எங்கே கொள்ளைக்காரர் என்பதைத் தவிர அவனுக்கு வேறு அக்கறை இல்லை. குமரிக்கு அப்பால் பாண்டியருடைய கொல்க்கோய் என்று ஒரு துறையைச் சொல்கிறான். அதுதான் கொற்கை. இன்றைக்குக் கடல் பின்வாங்கிவிட்டது. தாமிரபரணியின் வண்டலில் வயலும் பனையுமாகக் கிடக்கிற சின்ன ஊர். 1986-ல் ஜில்லாவைப் பிரித்தபோது தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. அங்கே முத்துக் குளிப்பவர்கள் யார் என்பதை வியாபாரி போகிற போக்கில் சொல்கிறான்: தண்டனை பெற்ற குற்றவாளிகள்.

குற்றம் இருந்திருக்கிறது, விசாரித்திருக்கிறார்கள், தண்டித்திருக்கிறார்கள், தண்டனையாக மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில் இறக்கியிருக்கிறார்கள். அந்த முத்துகள் ரோமாபுரிச் சீமாட்டிகளின் காதுக்குப் போயின. இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து வருஷத்துக்குப் பத்துக் கோடி செஸ்டெர்ஸ் நம்மிடமிருந்து பிடுங்குகின்றன, பெண்களின் ஆடம்பரத்துக்கு இவ்வளவு விலையா என்று பிளினியே அழுதிருக்கிறார். முத்தின் விலையைக் கணக்குப் பார்த்தவருக்கு முத்து எடுத்தவனின் மூச்சைப் பற்றிச் சேதி வரவில்லை. அவருக்கு வந்தது நல்லவர்களைப் பற்றிய சேதி.

ஒரு ஜனத்தை மொத்தமாக நல்லவர்கள் என்று சொல்லுகிற வாய்க்கு, இன்னொரு ஜனத்தை மொத்தமாகக் கெட்டவர்கள் என்று சொல்ல அதிக நேரம் பிடிக்காது. அதே தாம்பபண்ணிக்கு மகாவம்சம் யட்சர்களைக் குடியேற்றியது. கிரேக்கர் கண்ணுக்குத் தெய்வப் பிறவிகள் தெரிந்த தீவில் அதற்குத் தெரிந்தவர்கள் மனிதரைத் தின்கிறவர்கள். குவேனி என்ற யட்சப் பெண் விஜயனை மணந்து, தன் இனத்தையே அழிக்க அவனுக்கு வழி காட்டினாள். காரியம் முடிந்ததும், பட்டாபிஷேகத்துக்குக் குலமகள் வேண்டும் என்று அவன் பாண்டியனிடம் பெண் கேட்டு அனுப்பினான். மதுரையிலிருந்து ராஜகுமாரி வந்து இறங்கினாள். இரண்டு குழந்தைகளோடு குவேனி வெளியே போனாள். மிச்சமிருந்த யட்சர்கள் அவளைத் துரோகி என்று கொன்றார்கள். முழுக்க முழுக்கக் கெட்டவர்கள் என்று சொல்லப்பட்ட இனத்தில் பிறந்த இந்த ஒருத்திதான் அந்தப் புராணத்தில் எனக்கு மனுஷியாகத் தெரிகிறாள். நாவல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: முழுக்க நல்லவனை வைத்து ஓர் அத்தியாயம்கூட நகராது. முழுக்கக் கெட்டவனை வைத்து ஒன்றிரண்டு ஓட்டலாம். அதற்கு மேல் அவனும் படுத்துவிடுவான்.

புராணத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. 1849-ல், இடையன்குடியில் இருந்துகொண்டு, கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். பனையேறிப் பிழைத்த ஒரு பெரிய சமூகத்தின் அறிவையும் குணத்தையும் ஒரே தராசில் தாழ்வாக எடை போட்டுவிட்டார். அந்தச் சமூகத்தில் படித்து முன்னுக்கு வந்த தலைமுறை அதைச் சும்மா விடவில்லை. மனு எழுதினார்கள், கண்டனப் பிரசுரம் போட்டார்கள். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைக் கொண்டுவந்து நமக்கெல்லாம் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தவரும் அதே கால்டுவெல்தான். ஒரு பாஷைக்குள் இருக்கிற நுணுக்கமான வேற்றுமைகளையெல்லாம் கண்டுபிடித்த மனிதருக்கு, மனிதர்களுக்குள் இருக்கிற வேற்றுமை அந்த முதல் புத்தகத்தில் தட்டுப்படவில்லை. சர்க்காரோ இன்னும் துணிந்து, சில ஜாதிகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று சட்டமே போட்டது. 1871-ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. பக்கத்து மதுரை ஜில்லாவில் பெருங்காமநல்லூரில் 1920-ல் கைரேகை வைக்க மறுத்த கள்ளர் ஜனங்களைச் சுட்டார்கள். 1947-ல்தான் அந்தச் சட்டம் நம் மாகாணத்தில் ஒழிந்தது.

இதற்கெல்லாம் மாற்று என்று நினைத்துத்தானோ என்னவோ, நம்மவர்களும் ஒரு நல்ல ஜாதியைத் தேடிப் போனார்கள். அதற்கு நமக்கும் ஒரு கடல் இருந்தது. ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல் அறிஞர் 1864-ல், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனத்துப் பிராணிகள் காணப்படுவதற்குக் காரணம் சொல்ல, நடுவில் ஒரு நிலம் மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது 1960-களில் நிலைபெற்ற பிறகு விஞ்ஞானிகளுக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை. அதற்குள் அது நம்முடைய பழைய கடல்கோள் கதைகளோடு சேர்ந்து குமரிக்கண்டம் ஆகிவிட்டது. சிலர் எழுதிய வர்ணனைகளில் அங்கே ஜாதி இல்லை, சண்டை இல்லை, பொய் இல்லை. எல்லாரும் புலவர்கள், எல்லாரும் சான்றோர்கள். பிளினியின் தூதர்கள் நேரே அங்கே குடிபோய்விட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம் வரும். இவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பிறத்தியார் ஒரு நூற்றாண்டாகத் தாழ்த்திப் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், கம்பனெல்லாவைப் போல ஒரு நகரம் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் பழைய கதையை எடுத்துப் பாருங்கள். முச்சங்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்லும் இறையனார் களவியல் உரையில் சங்கத்தார் அப்படியொன்றும் சாதுக்களாக இல்லை. சிவபெருமான் அறுபது சூத்திரம் செய்து கொடுக்கிறார். நாற்பத்தொன்பது புலவர்களும் ஆளுக்கோர் உரை எழுதிவிட்டு, என் உரைதான் சரி, உன் உரைதான் தப்பு என்று சச்சரவு பண்ணுகிறார்கள். கடைசியில் அரசனிடம் போய், எங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு காரணிகன் வேண்டும் என்கிறார்கள். உப்பூரிகுடியில் ஐந்து வயது ஊமைப் பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்து, எந்த உரைக்கு அது கண்ணீர் விடுகிறதோ அதுவே மெய்யுரை என்று ஒப்புக்கொள்கிறார்கள். சங்கத்திலேயே வழக்கு! அதைத் தீர்க்க ஒரு நீதிபதி! அந்த உரையைச் சொன்னவர்களுக்குத் தமிழ்ப் புலவர்களை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நிஜமாகவே இந்த ஆற்றுச் சீமையில் வாழ்ந்தவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் மானூருக்குப் போகலாம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் இருக்கிறது. அங்கே சிவன் கோயிலில் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, 1906-ல் படியெடுத்தார்கள். பாண்டியன் மாறஞ்சடையனின் முப்பத்தைந்தாம் ஆட்சி ஆண்டு, சுமார் கி.பி. 800. உத்தரமேரூர்க் கல்வெட்டை நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. மானூர்க் கல் அதற்கும் நூறு வருஷம் மூத்தது.

மானூர் பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். அதன் மகாசபை கூடித் தனக்குத் தானே விதி செய்துகொள்கிறது. ஊரில் பங்கு உள்ளவர்களின் பிள்ளைகளில், ஒரு தர்மமும் மந்திர பிராமணமும் கற்று, நல்ல நடத்தை உள்ள ஒருவனே ஒரு பங்குக்குச் சபையில் உட்காரலாம். விலைக்கு வாங்கின பங்கு, தானமாக வந்த பங்கு, ஸ்ரீதனமாக வந்த பங்கு எதுவானாலும் இதே விதி. பங்கைத் துண்டு போட்டுக் கால், அரை, முக்கால் என்று சபையில் இடம் கேட்கக் கூடாது. விலைக்கு வாங்கினவர்கள் ஒரு வேதத்தைப் பரிசிஷ்டங்களோடு முழுக்கக் கற்றுத் தேறினவனையே அனுப்ப வேண்டும். முழு இடம் இல்லாதவர்கள் வாரியங்களில் இருக்க முடியாது. ஒவ்வொரு விதியைப் படிக்கும்போதும், அதற்கு முன்னால் அந்த ஊரில் என்ன கூத்து நடந்திருக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஸ்ரீதனப் பங்கை வைத்துக்கொண்டு மாப்பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கால் பங்குக்காரன் நானும் சபைதான் என்று வந்து நின்றிருப்பான். நல்ல நடத்தை இல்லாதவர்கள் உள்ளே இருந்த அனுபவம் இல்லாமல், நல்ல நடத்தை வேண்டும் என்று யார் கல்லில் வெட்டுவார்கள்?

இவர்களை நான் ஆதர்ச புருஷர்கள் என்று சொல்ல வரவில்லை. வேதம் படித்தவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்து, அந்த ஊரின் வயல்களில் உழுதவர்களையும் நாற்று நட்டவர்களையும் வெளியே நிறுத்திய சபை அது. தப்ரபேனில் அடிமை இல்லை. தாமிரபரணிக் கரையில் அப்படி யாரும் எழுதி வைக்க முடியாது. இருந்தாலும், நாங்கள் சண்டைக்காரர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, சண்டையோடு காரியம் நடப்பதற்கு ஒரு வழி செய்துகொண்டார்களே, அந்தக் காரியம் ஒன்றில் இயாம்புலஸின் தீவு இவர்களிடம் நிற்காது.

கடைசி விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சபையில் எந்தக் காரியம் வந்தாலும் 'கூடாது, கூடாது' என்றே சொல்லித் தடுத்துக்கொண்டிருக்கிற ஆசாமி எல்லா ஊரிலும் உண்டல்லவா? மானூரிலும் இருந்திருக்கிறார். அவரை அந்தச் சபையார் பறவை முதுகில் ஏற்றவில்லை, படகில் வைத்துத் தள்ளவும் இல்லை. அப்படித் தடுக்கக் கூடாது என்றார்கள். தடுத்தால் அவரும் அவருக்கு ஒத்துப் பாடுகிறவர்களும் ஐந்து காசு தண்டம் கட்டிவிட்டு, மறுபடியும் இதே விதிகளுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்றார்கள். தண்டம் மொத்தமாக ஒரு தடவை அல்ல. அவர் தடுத்த காரியம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு.